ட்ரீம் தியேட்டர் பேண்டோட கதை என்ன, ஏன் இத்தனை ஆளுங்க மாறினாங்க?

கேள்வி கேட்டவர் "40 வருஷமா இருக்குற பேண்ட்னு சொல்றாங்க, ஆனா ஆல்பத்துக்கு ஆல்பம் வேற வேற பேரா இருக்கு, தலையும் புரியல வாலும் புரியல"ன்னு எழுதியிருந்தார். எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு.

நான் இந்த அமெரிக்க ப்ராக்ரெஸிவ் மெட்டல் (நீளமான, சிக்கலான பாட்டு போடற ராக் வகை) பேண்டை முதல் தடவை கேட்டப்போ பாட்டு பாதியில நின்னுடுச்சு. ஃபைல் கரப்ட் போலனு அழிச்சிட்டு திரும்ப டவுன்லோட் பண்ணேன், அதே இடத்துல நின்னுச்சு. வேற சைட்ல இருந்து எடுத்தேன், அப்பவும் அதே இடம். அப்புறம்தான் தெரிஞ்சது 'புல் மீ அண்டர்' பாட்டே அப்படித்தான்னு. எட்டு நிமிஷம் மூச்சு வாங்க ஓடி, கடைசியில யாரோ ப்ளக்கைப் புடுங்கின மாதிரி டக்குனு கட் ஆகும். இந்த ஒரு பாட்டை ஞாபகம் வெச்சுக்கோங்க, இவங்களை வாழ வெச்சதும் இதுதான், கிட்டத்தட்ட கடையை மூட வெச்சதும் இதுதான்.

1985ல பாஸ்டன்ல பெர்க்லி மியூசிக் காலேஜ்ல படிக்கப் போன மூணு பசங்க, கிட்டார் ஜான் பெட்ரூச்சி, பேஸ் ஜான் மியங், ட்ரம்ஸ் மைக் போர்ட்னாய். பெட்ரூச்சியோட சின்ன வயசு ஃப்ரெண்ட் கெவின் மூர் கீபோர்டுக்கு வந்தாரு. அப்போ பேரு மெஜஸ்டி. லாஸ் வேகாஸ்ல அதே பேர்ல இன்னொரு பேண்ட் இருந்து பிரச்சனை ஆகவும் பேரை மாத்த வேண்டியதாப் போச்சு. கலிஃபோர்னியாவுல மான்டரேன்னு ஒரு ஊர்ல இருந்த சினிமா தியேட்டரோட பேரு ட்ரீம் தியேட்டர், போர்ட்னாயோட அப்பா எடுத்துக் கொடுத்தாரு. 1989ல சார்லி டொமினிசி பாட முதல் ஆல்பம் வந்துச்சு, பெருசா யாரும் கண்டுக்கல, அவரையும் அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் பாடகர் இல்லாமயே ரொம்ப நாள் ஓட்டினாங்க, 200 பேர் பக்கம் கேட்டுப் பாத்து கடைசியில கனடாவுல இருந்து வந்த ஒரு டேப்ல மாட்டினவர்தான் ஜேம்ஸ் லாப்ரீ.

1992ல 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'. ஊரே நிர்வானா மாதிரி பேண்டுகளோட 'கிரஞ்ச்'ங்கற ராக் வகை பின்னாடி ஓடிட்டிருந்த நேரம், நாலு நிமிஷத்துக்கு மேல பாட்டு போட்டா யார் கேப்பான்னு இருந்த காலம், அதுல இந்த எட்டு நிமிஷப் பாட்டு எம்டிவியில ஓடி ஆல்பம் அமெரிக்காவுல கோல்ட் (அஞ்சு லட்சம் காப்பி) ஆயிடுச்சு. அங்க பிடிச்சது சனி. லேபிளுக்கு, அதாவது ஆல்பம் வெளியிடற கம்பெனிக்கு, இன்னொரு 'புல் மீ அண்டர்' வேணும், இவங்களால அதை கேட்டா செஞ்சு தர முடியல.

1994ல 'அவேக்' மிக்ஸிங் நடக்கும்போதே கெவின் மூர் விலகிட்டாரு. அந்த ஆல்பத்தோட கடைசிப் பாட்டு 'ஸ்பேஸ் டை வெஸ்ட்' முழுக்க அவர் எழுதினது, இருட்டு ரூம்ல தனியா உக்காந்து எழுதின மாதிரி ஒரு பியானோ. 20 வருஷம் மேடையில அதை இவங்க தொடவே இல்ல, 2014லதான் முதல் தடவையா வாசிச்சாங்க. அதே 1994 கடைசியில லாப்ரீ கியூபாவுக்கு லீவுக்குப் போய் ஃபுட் பாய்ஸன் ஆகி, வாந்தி எடுத்து எடுத்து குரல் நாண் கிழிஞ்சிடுச்சு. ரெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் சொன்னதை மீறி சில வாரத்துலயே ஜப்பான் டூர்ல பாடினாரு. குரல் சரியாக வருஷக்கணக்கா ஆச்சு. யூடியூப்ல அவரோட பழைய லைவ் கிளிப்பைப் போட்டு கிண்டல் பண்றவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும்.

1997 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி'தான் அடிமட்டம். ரெண்டு சிடியா கொடுக்கறோம்னாங்க, லேபிள் ஒத்துக்கல. ஹிட் பாட்டு எழுதித் தர்ற டெஸ்மண்ட் சைல்டைக் கூட்டி வந்து ஒரு பாட்டை மாத்த வெச்சாங்க. போர்ட்னாய் பேண்டையே விட்டுடலாம்ங்கற அளவுக்குப் போயிட்டாரு. கீபோர்டுல டெரெக் ஷெரினியன் அப்போ, நல்ல ப்ளேயர், வந்த நேரம் சரியில்ல. அந்த சமயத்துல, 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்'ல இருந்த 'மெட்ரோபோலிஸ்' பாட்டுக்கு ரெண்டாம் பாகம்னு 20 நிமிஷத்துக்கு ஒரு டெமோ பண்ணி, ஆல்பத்துல இடமில்லைன்னு மூலையில போட்டுட்டாங்க.

அப்புறம் லேபிள் தலையிடறதை நிறுத்தவும், சைட் ப்ராஜெக்ட்ல கூட வாசிச்ச ஜோர்டன் ரூடெஸை கீபோர்டுக்கு இழுத்துட்டு வந்து, மூலையில கிடந்த அந்த டெமோவையே எடுத்து ஒரு முழுக் கதை ஆல்பமா விரிச்சாங்க, அதான் 1999ல வந்த 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'. முன் ஜென்மம், கொலை, ஹிப்னாடிஸம்னு நம்ம ஆளுங்களுக்கு நல்லாவே பழக்கமான கதை. இதுக்கு மேல இவங்க எதுவும் பண்ணலன்னு சொல்லமாட்டேன், ஆனா இதைத் தாண்டலன்னு சொல்லுவேன்.

நடுவுல ஒரு கொடுமை. நியூயார்க் நெருப்புல எரியற மாதிரி அட்டைப் படம் போட்ட லைவ் ஆல்பம் ஒண்ணு ரிலீஸ் ஆன தேதி 2001 செப்டம்பர் 11. உடனே திரும்ப வாங்கிட்டு வேற அட்டையோட விட்டாங்க.

2000கள் முழுக்க போர்ட்னாய் ராஜ்ஜியம்தான். செட் லிஸ்ட், ஃபேன் கிளப், எல்லாம் அவர் கை. குடியை விட்ட கதையை மட்டும் அஞ்சு ஆல்பத்துல அஞ்சு பாட்டா எழுதினாரு. 2008ல ஒரு தொகுப்பு வந்தப்போ அதுக்கு 'க்ரேட்டஸ்ட் ஹிட்'னு ஒருமையில பேரு வெச்சு, கூட 21 நல்ல பாட்டும் இருக்குன்னு சேத்துக்கிட்டாங்க, தங்களையே ஓட்டிக்கிட்டாங்க. 2010ல போர்ட்னாய் கொஞ்ச நாள் ப்ரேக் எடுக்கலாம்னாரு, மத்தவங்க வேணாம்னாங்க, செப்டம்பர்ல வெளிய போயிட்டாரு. மனசு மாறி திரும்ப வரேன்னு கேட்டதையும் அவரே பின்னாடி சொல்லியிருக்காரு, ஆனா அதுக்குள்ள ஏழு ட்ரம்மர்களை ஆடிஷன் பண்ணி மைக் மாஞ்சினியை எடுத்தாச்சு. மனுஷன் பெர்க்லியில வாத்தியார் வேலையை விட்டுட்டு வந்தவர்.

மாஞ்சினி காலத்து 13 வருஷம், அஞ்சு ஆல்பம். வாசிப்புல குறை சொல்ல வழியே இல்ல, ஆனா சில ஆல்பத்துல ட்ரம்ஸ் சவுண்டு டப்பாவைத் தட்டின மாதிரி இருக்கும், அது அவர் தப்பில்ல. 2016ல வந்த 'தி அஸ்டானிஷிங்' ரெண்டு மணி நேரத்துக்கு மேல, நான் ரெண்டு தடவை முயற்சி பண்ணி ரெண்டு தடவையும் தூங்கிட்டேன். ஆனா பாருங்க, பேண்டுக்கு முதல் கிராமி 2022ல 'தி ஏலியன்' பாட்டுக்குக் கிடைச்சப்போ ட்ரம்ஸ்ல உக்காந்திருந்தது மாஞ்சினிதான். அடுத்த வருஷம் அக்டோபர்ல போர்ட்னாய் திரும்பிட்டாரு, மாஞ்சினி மரியாதையா ஒதுங்கிட்டாரு. 2025 பிப்ரவரியில அவர் திரும்பி வந்தப்புறம் முதல் ஆல்பமா 'பாராசோம்னியா' வந்துச்சு. எனக்குப் பிடிச்சுது, ஆனா பழைய ஃப்ரெண்டைப் பாத்த சந்தோஷம் எவ்வளவு, பாட்டு எவ்வளவுன்னு இன்னும் பிரிக்கத் தெரியல.

எல்லா ஆல்பத்துலயும் இருந்தது பெட்ரூச்சியும் வாயே திறக்காத மியங்கும் மட்டும்தான்.

எங்க ஆரம்பிக்கறதுன்னா 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'யை ஒரே மூச்சுல கேளுங்க, ஷஃபிள் வேணாம். கடைசியில ஒரு இரைச்சலோட முடியும், அங்கயே நிறுத்தாம அடுத்து 2002ல வந்த 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்' ஆல்பத்தைப் போடுங்க, அதே இரைச்சல்லதான் அது ஆரம்பிக்கும். நடுவுல விளம்பரம் மட்டும் வராம பாத்துக்கோங்க.