கல்லூரி மாணவர்கள் வானாய்வைத் தொடங்க ஒளித் தொலைநோக்கி நல்லதா, ரேடியோ தொலைநோக்கி நல்லதா?

விடுதியில் தங்கி இயற்பியல் படிப்பதாகக் கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும் விடுதியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: ரேடியோவில் தொடங்குங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் முதுகலை படித்தபோது துறையில் எட்டு அங்குல ஒளித் தொலைநோக்கி ஒன்று இருந்தது. அல்கால் விண்மீன் 2.87 நாளுக்கு ஒருமுறை மங்கித் தெளிவதை அளப்பது எங்கள் நால்வரின் திட்டப்பணி. இரவில் மொட்டைமாடியில் தங்க மாணவர்கள் இருவருக்கு அனுமதி கிடைத்தது. மாணவிகள் எங்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை. மூன்று முறை கடிதம் கொடுத்தோம். அவர்கள் அளந்து தந்த எண்களைக் காலையில் வரைபடமாக்குவதே எங்கள் வேலை என்றாகிவிட்டது. பாதுகாப்புக்காகத்தானே என்று சிலர் கேட்பீர்கள். எங்களோடு மாடியில் இருக்க ஓர் ஆசிரியை முன்வந்தார், அதற்கும் மறுப்புதான்.

நவம்பரில் பருவமழை மேகம் அவர்கள் வேலையையும் நிறுத்தியது. அப்போது அந்த ஆசிரியைதான் விண்வெளி ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடித்துப் பாருங்கள் என்றார். 1420.4 மெகாஹெர்ட்ஸில் வரும் அந்த அலைக்குப் பகல், இரவு, மேகம் எதுவும் பொருட்டில்லை.

அட்டைப்பெட்டிகளை வெட்டி, உட்புறம் அலுமினியத் தாள் ஒட்டி, முக்கால் மீட்டர் வாய் கொண்ட கூம்பு ஒன்று செய்தோம். அதன் அடியில் ஐந்து லிட்டர் தின்னர் டின். டின்னுக்குள் ஐந்தே கால் சென்டிமீட்டர் செம்புக் கம்பி. அலைநீளத்தில் கால் பங்கு அது. பிறகு கம்பி பிடிக்கும் நுண்ணிய சிக்னலைக் கூட்டும் ஒரு பெருக்கி, கணினியில் டிவி பார்க்க விற்கும் யுஎஸ்பி டாங்கிள் ஒன்று, லேப்டாப். முதலில் பால்வெளியை விட்டு விலகிய வானத்தின் ரேடியோ இரைச்சலைப் பதிவு செய்தோம். ஜனவரிக் கடைசியில் ஒரு நண்பகல், உச்சியிலிருந்து வடக்கே 30 டிகிரி சாய்த்து, வெயிலுக்குப் பின்னே மறைந்திருந்த சிக்னஸ் விண்மீன் குழுவை நோக்கி வைத்தோம். கருவியின் சொந்த இரைச்சல் நீங்க, புதிய பதிவை முந்தைய பதிவால் வகுத்ததும் திரையில் இரண்டு மேடுகள் எழுந்தன. ஒன்று நம் அருகிலுள்ள வாயு. அதிர்வெண் சற்றுக் கூடியிருந்த மற்றது, நம்மை நெருங்கி வரும், பால்வெளியின் தொலைவுச் சுருள்கையின் வாயு; நெருங்கி வருவதன் அலைக்கு அதிர்வெண் கூடும். பட்டப்பகலில் நம் பால்வெளி மண்டலம் சுழல்வதை என் கையால் அளந்தேன். அன்று நான் அழுதேன்.

ஒளித் தொலைநோக்கியைத் தாழ்த்துகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். எங்கள் கூம்புக்கு வானத்தில் 16 டிகிரி அகலம் ஒரே புள்ளி. முழு நிலவை முப்பது முறை அடுக்கிய அகலம் அது. சனியின் வளையத்தைக் காண உங்களுக்கு வில்லை அல்லது குழி ஆடி கொண்ட ஒளித் தொலைநோக்கிதான் வேண்டும். ரேடியோவில் கூர்மை வேண்டுமென்றால் தொலைநோக்கியையே பெரிதாகக் கட்ட வேண்டும். ஊட்டி முத்தோரையில் வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970இல் எழுப்பிய ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அமைத்திருக்கிறார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிறது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம்.

தொடங்கினால் லேப்டாப்பைக் கூம்பின் அருகில் வைக்காதீர்கள். அதிலிருந்து கசியும் ரேடியோ இரைச்சலை ஹைட்ரஜன் என்று நம்பி நாங்கள் இரண்டு நாள் வீணாக்கினோம்.