விளம்பரம் கத்தினால் டிவியை மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன்பு 43 அங்குல டிவி வாங்கினோம். ஒலியை 18-ல் வைத்தால்தான் சீரியல் வசனம் என் மாமியாருக்குக் கேட்கிறது. விளம்பரம் வந்ததும் அதே 18 வீட்டை அதிர வைக்கிறது, தூளியில் தூங்கும் குழந்தை விழித்துக்கொள்கிறது. கடையில் கேட்டால், "டிவி ஸ்பீக்கர் அப்படித்தான், சவுண்ட்பார் போட்டால் சரியாகிவிடும்" என்று 12,000 ரூபாய்க்கு ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: இந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். சவுண்ட்பார் தன்னிடம் வருகிற ஒலியைத்தான் திருப்பிச் சொல்லும். கத்திக்கொண்டு வருவது அதிலும் கத்திக்கொண்டுதான் வரும், இன்னும் கொஞ்சம் தெளிவாக!

உங்கள் டிவியில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பென் டிரைவில் ஒரு படத்தைப் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஒலி தானாக ஏறி இறங்காவிட்டால் டிவி நன்றாகவே இருக்கிறது. குற்றவாளி வேறு இடத்தில் இருக்கிறார்.

ஒளிபரப்பில் ஒலியின் உச்சத்துக்கு ஓர் எல்லை உண்டு. சீரியலும் விளம்பரமும் அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. ஆனால் சீரியல் எப்போதாவதுதான் உச்சத்தைத் தொடும். யாராவது கதவை அறைந்து சாத்துவார்கள், பின்னணியில் இடி இடிக்கும், அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் பேச்சு, பெருமூச்சு, மௌனம். விளம்பரம் தயாரிப்பவரோ, 'கம்ப்ரஷன்' என்ற உத்தியால் மெல்லிய ஒலிகளையும் மேலே தூக்கி, 20 விநாடியும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார். காது உச்சத்தைப் பார்ப்பதில்லை, மொத்தமாக எவ்வளவு விழுகிறது என்றுதான் பார்க்கிறது. போதாததற்கு, மனிதக் காது மிகக் கூர்மையாக உணரும் அதிர்வெண் பகுதி 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. அந்தப் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் மீட்டரில் பெரிதாக ஒன்றும் தெரியாது. குழந்தை மட்டும் எழுந்துவிடும்.

இதை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. காது உணர்கிற சராசரி ஒலியை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-லேயே வகுத்துவிட்டது. விளம்பரத்தின் சராசரி ஒலி நிகழ்ச்சியின் ஒலியை மிஞ்சக்கூடாது என்று அமெரிக்கா 2010-ல் சட்டம் இயற்றி, 2012 டிசம்பர் 13 முதல் நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டிலும் விதி இருக்கிறது, அதுவும் அமெரிக்காவுக்கு முன்பே. கேபிள் தொலைக்காட்சி விதிகள், 1994. அதில் விதி 7, உட்பிரிவு 6: விளம்பரத்தின் படமும் ஒலியும் 'அளவுக்கு மீறி உரத்ததாக' இருக்கக்கூடாது. எது அளவு என்பதற்கு அந்த வரியில் ஓர் எண் கிடையாது. கல்யாண வீட்டில் "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்று சொல்வதைப் போன்ற விதி அது.

இருந்தாலும் புகார் எழுதலாம். 2021-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சேனல் உங்கள் புகார் கிடைத்ததாக 24 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால், அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் அடுத்த 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். "உங்கள் விளம்பரங்கள் எரிச்சலூட்டுகின்றன" என்று எழுதினால் நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வரும். தேதி, மணி, பொருளின் பெயர், விதி 7(6) ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

அதற்குள் குழந்தை தூங்க வேண்டுமே! டிவியின் ஒலி அமைப்புகளில் 'ஆட்டோ வால்யூம்' அல்லது 'நைட் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் இருக்கிறது, ஆனால் அணைத்தே வைத்திருப்பார்கள். அதைப் போட்டால் பாட்டு கொஞ்சம் சப்பென்று கேட்கும். சீரியலுக்கு அது நஷ்டமில்லை.

கேள்வி: காரில் எஃப்.எம். கேட்டுக்கொண்டே புறவழிச்சாலையில் போனபோது ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது. அவசரமாக இடப்பக்கம் ஒதுங்கினேன். பின்னால் வந்த லாரி உரசாமல் போனது அதிர்ஷ்டம். பார்த்தால், சைரன் வந்தது வானொலியிலிருந்து. ஏதோ தள்ளுபடி விற்பனையாம். இதைக் கேட்பார் இல்லையா? (வாசகர், சேலம்)

பதில்: இருக்கிறார்கள். அகில இந்திய வானொலியின் விளம்பர நெறிமுறையில், கேட்பவரைத் திடுக்கிட வைக்கும் ஒலிகள் கூடாது என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள்: தொடர் துப்பாக்கிச் சத்தம், சைரன், குண்டுவீச்சு, அலறல், காட்டுத்தனமான சிரிப்பு. தனியார் எஃப்.எம். நிலையங்களும் இதே நெறிமுறையைப் பின்பற்ற வேண்டும் என்பது அவற்றுக்குத் தரப்பட்ட அனுமதியின் நிபந்தனை. ஆகவே உங்கள் சைரன் ரசனைக் குறைவு மட்டுமல்ல, விதிமீறலும்கூட. (அந்தச் சிரிப்பு விஷயத்தைக் கறாராக அமல்படுத்தினால் காலை நேர எஃப்.எம்.-ல் பாதி மௌனமாகிவிடும் என்பது வேறு கதை.)

அலைவரிசை எண், நாள், நேரம் ஆகியவற்றோடு நிலையத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால், மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளத்தில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள்.

கேள்வி: மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் கடைசி வரியை ஏன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்போலச் சொல்கிறார்கள்? மனை விளம்பரத்திலும் "நிபந்தனைகளுக்குட்பட்டது" காதில் விழுவதற்குள் பாட்டு வந்துவிடுகிறது. (ஓய்வுபெற்ற அலுவலர், மதுரை)

பதில்: மேலே உள்ள இரண்டு கேள்விகளும் காதைப் பற்றியவை. இது பணத்தைப் பற்றியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த எச்சரிக்கை தெளிவாகவும் புரியும்படியும் ஒலிக்க வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியின் விதி. 14 சொற்கள் கொண்ட அந்த வாசகம் குறைந்தது 5 விநாடி ஓடினால் தெளிவு என்று கொள்ளலாம் என முன்பு உதாரணமும் காட்டியிருந்தது. 2020 ஏப்ரல் முதல் அது 10 விநாடி ஆயிற்று. 14 சொற்கள் என்பது ஆங்கில வாசகத்தின் கணக்கு. இப்போது தமிழில் சொல்லிப் பாருங்கள்: "மியூச்சுவல் ஃபண்ட் முதலீடுகள் சந்தை அபாயங்களுக்கு உட்பட்டவை, திட்டம் தொடர்பான அனைத்து ஆவணங்களையும் கவனமாகப் படிக்கவும்." சொற்கள் 12தான். ஆனால் ஆங்கிலத்தில் வாய் 26 முறை திறந்தால் முடிந்துவிடுவது தமிழில் 45 முறை திறந்தால்தான் முடிகிறது. நான் கடிகாரத்தை வைத்துக்கொண்டு படித்தேன். மூச்சு வாங்காமல் படிக்க எனக்கு 8 விநாடி ஆயிற்று. பழைய 5 விநாடி, ஆங்கிலத்துக்குத் தைத்துத் தமிழுக்கு மாட்டிய சட்டை. 10 விநாடியில் தமிழும் நிதானமாக முடியும். இன்னும் ஓடுகிறவர்களைப் பற்றி செபிக்கு எழுத வேண்டியது தமிழ் கேட்கிற முதலீட்டாளர்களான நாம்தான்.

மற்ற பொருள்களுக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டுதல்கள் இருக்கின்றன. எந்த மொழியில் சலுகையைச் சொல்கிறார்களோ அந்த மொழியிலேயே நிபந்தனையும் வர வேண்டும். சலுகையைக் குரலில் சொன்னால், நிபந்தனை அதனோடு இணைந்து அதே வேகத்தில் வர வேண்டும். "பாதி விலை" என்பதை இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு நிபந்தனையை விழுங்கினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தவறான விளம்பரத்துக்கு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

மனை விளம்பரத்தில் "சென்னைக்கு மிக அருகில்" என்பதை விட்டுவிட்டு ஒரே ஒரு விஷயத்துக்குக் காது கொடுங்கள்: ரெரா (மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) தருகிற பதிவு எண். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய ஒவ்வொரு திட்டத்தின் விளம்பரத்திலும் அந்த எண் தெளிவாக இடம்பெற வேண்டும். காதில் விழவில்லை என்றால் தொலைபேசியில் கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் "வந்து பாருங்கள் சார், வேன் இலவசம்" என்றால் வேனில் ஏறாதீர்கள்.

கேள்வி: விளம்பரங்களில் 'பழம்' எல்லாம் 'பலம்' ஆகிவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். புகார் செய்ய இடமுண்டா? (ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: உச்சரிப்புக்கு விதி இல்லை. பல விளம்பரங்கள் இந்தியில் எடுக்கப்பட்டு, அந்த உதட்டசைவுக்குள் தமிழைத் திணித்துத் தயாராகின்றன. ழகரத்தைச் சரிபார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. பொருளின் உறையில் நுகர்வோர் தொடர்புக்கான மின்னஞ்சல் முகவரி கட்டாயம் அச்சாகியிருக்கும், அதற்கு எழுதுங்கள். பழச்சாறு விளம்பரமாக இருந்தால் மட்டும், உறையைத் திருப்பி அதில் எத்தனை சதவீதம் பழம் என்றும் பார்த்துவிடுங்கள். சில நேரம் அவர்கள் சொல்வதே சரியாக இருக்கும்.