தரம் 6 பிள்ளைகளுக்கு மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கொழும்பில் தமிழ் மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர் நீங்கள். மாற்றுத்திறனாளிகளை ஏற்றுக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி என்றும், பார்வையின்மையை உணர அவர்களின் கண்ணைக் கட்டி நடக்க வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கண்ணைக் கட்ட வேண்டாம். பத்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்ட பிள்ளைக்குப் பயமும் பரிதாபமும்தான் மிஞ்சும். வெள்ளைப் பிரம்போடு பழகிய ஒருவர் பேருந்து பிடித்து வேலைக்குப் போகும் திறமை அதில் தெரியவே தெரியாது.

வரலாற்றைப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். இரத்மலானையில் உள்ள செவிப்புலன், விழிப்புலனற்றோர் பாடசாலை 1912இல் தொடங்கியது. அதற்கு முன் அப்படியான பிள்ளைகள் எங்கே படித்திருப்பார்கள் என்று வகுப்பில் கேளுங்கள். அப்புறம் சட்டம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அவர்கள் கட்டடங்களுக்குள் தடையின்றிப் போய்வர வசதி வேண்டும் என்ற அணுகல் விதிகள் 2006இல் வந்தன. ஆனாலும் படிகள் படிகளாகவே இருந்தன. ஓடும் காரின் மேல் மரம் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்த அஜித் பெரேரா வழக்குப் போட்டார். புதிய பொதுக் கட்டடங்களில் அந்த அணுகல் வசதிகள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. என்னைக் கேட்டால், இந்த ஒரு கதைக்கே ஒரு முழுப் பாடவேளை கொடுக்கலாம். இதில் இரக்கம் கேட்டு நிற்கும் ஆள் இல்லை, உரிமை கேட்ட குடிமகன் இருக்கிறார்.

சரி, ஏற்றுக்கொள்வதை எப்படிப் பழக்குவது? பிள்ளைகளிடம் அளவுநாடா கொடுத்துப் பாடசாலையை அளக்கச் சொல்லுங்கள்: வாசல் அகலம், சாய்தளம், மலசலகூடக் கதவு. கண்டதை அதிபருக்குக் கடிதமாக எழுதட்டும். வகுப்பில் மாற்றுத்திறனுள்ள பிள்ளை இருந்தால் அவரை உதாரணமாக முன்னால் நிறுத்த வேண்டாம். பேச விருப்பமா என்று முதலில் தனியாகக் கேளுங்கள்.