ஜன்னலுக்குக் கீழே கறுத்துப்போன தேக்கு

கேள்வி: பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். கேபினுக்குள் ஜன்னல்களின் கீழே தேக்குப் பலகையில் கறுப்புக் கோடுகள், மேசைப் பக்கம் வெள்ளைத் திட்டுகள். குறுக்குத் தடுப்புப் பலகையின் அடி லேசாக உப்பியிருக்கிறது. நன்றாகத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. தேய்ப்பதில் ஆரம்பித்தால் இருப்பதும் கெட்டுப்போகும். படகுக்குள் நீங்கள் பார்க்கும் தேக்கு பெரும்பாலும் முழுத் தேக்கு அல்ல. ப்ளைவுட் மேல் ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய மரத்தாள். பல படகுகளில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கறையோ அதற்குள் ஊறி இறங்கியிருக்கும். கறை போகும்வரை தேய்க்கும் மெஷினை ஓட்டினால் முதலில் போவது வெனீர்தான். அடியிலுள்ள வேறு மரம் வெளிறித் தெரிந்துவிட்டால், அப்புறம் பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. உப்புத்தாளைக் கடைசி வரைக்கும் பெட்டியிலேயே வைத்திருங்கள்.

முதலில் ஒழுகலைக் கண்டுபிடியுங்கள். கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். டெக்கில், அதாவது மேல்தளத்தில், ஒரு திருகுத் துளையில் இறங்கும் தண்ணீர், உள்கூரை லைனிங்குக்குப் பின்னால் ஓடி, எங்கோ தள்ளிப் போய்ச் சொட்டும். ஜன்னல் சட்டம், கைப்பிடிக் கம்பிகளின் அடித்தட்டு, மாஸ்ட்டை (பாய் கட்டும் கம்பத்தை) இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் வந்து மாட்டும் செயின்பிளேட் ஆகிய மூன்றையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். லைனிங்கைக் கழற்றி, ஒவ்வொரு பொருத்தின் அடியிலும் டிஷ்யூ பேப்பர் ஒட்டிவிடுங்கள். வெளியே ஒருவர் கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரு பொருத்தில் மட்டும், ஐந்து பத்து நிமிடம் தண்ணீர் விடட்டும். முதல் சொட்டை டிஷ்யூ காட்டிக்கொடுத்துவிடும். கண்டுபிடித்த பொருத்தைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதிதாகப் பசை வைத்து இறுக்குங்கள். விளிம்பைச் சுற்றி சிலிகான் இழுப்பது அடுத்த மழை வரைக்கும்தான்.

அடுத்தது அந்த உப்பிய இடம். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் ‘டக்’கென்று தெளிவாகச் சொல்லும், அடுக்கு விட்டதோ உளுத்ததோ மந்தமாக ஒலிக்கும். சத்தம் மாறும் இடத்தில், பார்வைக்குப் படாத மூலையாகப் பார்த்து முனையால் குத்துங்கள். சுலபமாக உள்ளே போனால் அந்த இடம் உளுத்துவிட்டது. அந்தத் தடுப்பில் செயின்பிளேட் போல்ட் போட்டிருந்தால் விஷயமே வேறு: மாஸ்ட்டின் பாரத்தைத் தாங்குவது அந்தப் பலகைதான். விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்லும்வரை பாயை ஏற்றாதீர்கள். மரம் கெட்டியாக இருந்து, வெனீர் மட்டும் எழும்பியிருந்தால் கவலையில்லை. நன்றாகக் காயவிட்டு, எப்பாக்சி என்ற இரு பாகப் பிசினை ஊசியால் உள்ளே ஏற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் வைத்து, பலகை கொடுத்து இறுக்கிவிடலாம்.

உள்ளே வந்தது கடல் தண்ணீர் என்றால், காயவைக்கும் முன் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை துடைத்தெடுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் அடித்த வார்னிஷ் நிற்காது. ஈரம் அளக்கும் மீட்டரையும் அந்த உப்பு ஏமாற்றும், அதிகமாகக் காட்டும். காற்றாடி வைத்துக் காத்திருங்கள், வாரக்கணக்கானாலும் சரி.

இப்போது கறைக்கு வருவோம். வெள்ளைத் திட்டு பெரும்பாலும் வார்னிஷுக்குள் அடைபட்ட ஈரம், மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சில சமயம் காய்ந்தாலே மறையும். இல்லையென்றால் பழைய வார்னிஷை எடுத்தால் போதும். கறுப்புக் கோடு வேறு ஜாதி. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தான டானின், துருப்பிடித்த திருகிலிருந்து வரும் இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் கறுத்துவிடும். கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து மசி காய்ச்சுவார்களே, அதே வேதியியல்தான். உங்கள் பலகையில் யாரும் எழுதாமலே மசி ஊற்றியிருக்கிறது.

இதற்கு மருந்து ஆக்சாலிக் அமிலம். மரம் வெளுக்கும் தூளாகக் கிடைக்கும். பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர் எடுத்து, அதற்கு மேல் கரையாது என்ற அளவுக்குத் தூளைப் போட்டுக் கலக்குங்கள். வார்னிஷ் இருந்தால் அமிலம் மரத்தைத் தொடாது. ஆகவே கூரான ஸ்கிரேப்பரால் மர ரேகை போகும் திசையிலேயே வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, கறையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் அந்தச் சொட்டளவுக்கு நிறம் வெளுத்தால் காரணம் இரும்புதான். அசையவே இல்லையென்றால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம். சோதனை பலித்ததும் கறையில் மட்டும் பூசாதீர்கள்; பூசிய இடம் வெளுத்து, சுற்றி ஒரு கோடு நின்றுவிடும். பலகை முழுவதும் ஓரம் முதல் ஓரம் வரை பூசி, காயவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி பூசுங்கள். அப்புறம் நிறையத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இது விஷம், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மிச்சம் தங்கிய தூள் தேய்க்கும்போது பறந்தால் மூக்கையும் தொண்டையையும் பிடுங்கும், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று: இரும்புக் கம்பளியைப் படகுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ஆரம்ப நாட்களில் அதை வைத்து நானே ஒரு கதவைப் பளபளப்பாகத் தேய்த்தேன். அடுத்த முறை ஈரம் பட்டதும் கதவு முழுக்கக் கறுப்புப் புள்ளி! உதிர்ந்த இரும்புத் துணுக்குகளே புதுக் கறை போட்டுவிட்டன.

இனி உப்புத்தாளை எடுக்கலாம். முதலில் 180 எண் தாள், பிறகு அதைவிட நைசான 220, கையால், இரண்டு மூன்று இழுப்பு மட்டும். நிறம் எப்படி வரும் என்று பார்க்க டர்பன்டைனில் துணியை நனைத்துத் தடவுங்கள். வார்னிஷுக்குப் பின் ஏறக்குறைய அந்த நிறம்தான். எண்ணெய் பூசச் சொல்பவர்கள் உண்டு. மூடிய கேபினில் அது நாளாக நாளாகக் கறுக்கும், பூஞ்சையும் பிடிக்கும் என்பதால் நான் சொல்லமாட்டேன். முதல் கை வார்னிஷில் தாராளமாகத் தின்னர் கலந்து ஊறவிடுங்கள். மேலே இரண்டு மூன்று கை பளபளப்பு வகை, கடைசிக் கை மட்டும் மங்கல் வகை. கதவு ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

பலகையைத் திரும்ப மாட்டும் முன் அதன் பின்பக்கத்தையும் அடி விளிம்பையும் பாருங்கள். கண்ணில் படாத இடம் என்று அங்கே பலரும் எதுவும் பூசுவதில்லை. உங்கள் தடுப்பு தண்ணீரைக் குடித்து உப்பியது பெரும்பாலும் அந்த விளிம்பு வழியாகத்தான். அங்கே எப்பாக்சி இரண்டு கை.