பழைய நெகட்டிவை ஸ்கேன் செய்யும்போது: கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: அண்ணாச்சி, மாத்தூர் தொட்டிப்பாலத்தை அப்பா எடுத்த நெகட்டிவும் இருக்கிறது, பிரிண்டும் இருக்கிறது. எதை ஸ்கேன் செய்யலாம்? எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைக்கலாம்?

நெகட்டிவைத்தான். பிரிண்ட் போடும்போதே வானத்து மேகமும் தூண்களின் நிழலும் கொஞ்சம் போயிருக்கும். 35 எம்எம் பிலிமில் ஒரு படம் 24×36 மி.மீ. 2400 டிபிஐ வைத்தால் ஏறக்குறைய 3400×2270 புள்ளிகள் கிடைக்கும், வீட்டுச் சுவரில் மாட்ட இது தாராளம். அட்டைப்பெட்டியில் 9600 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். கண்ணாடிமேல் வைத்து எடுக்கும் சாதாரண ஃப்ளாட்பெட் ஸ்கேனரில் ஃபைல்தான் வீங்கும், விவரம் கூடாது. 16 பிட் டிஃப் (TIFF, விவரம் குறையாமல் சேமிக்கும் ஃபைல் வகை) ஆகச் சேமித்து, அதைத் தொடாமல் வைத்துவிட்டு நகலில் வேலை செய்யுங்கள்.

குளச்சலிலிருந்து: கருப்பு வெள்ளை நெகட்டிவ். தூசி நீக்கும் வசதியைப் போட்டால் வள்ளமெல்லாம் கரைந்த மாதிரி வருகிறது.

அதை அணைத்துவிடுங்கள். அந்த வசதி அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தூசியைக் கண்டுபிடிக்கிறது. கலர் பிலிமின் சாயம் அந்த ஒளியை விட்டுவிடும், கருப்பு வெள்ளைப் பிலிமின் வெள்ளி மறிக்கும். அதனால் படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கிறது. பம்பால் ஊதுங்கள், மென்மையான பிரஷ்ஷால் தட்டுங்கள், மிச்சத்தைக் கணினியில் கையால் எடுங்கள். நெகட்டிவில் ஒட்டிய தூசி படத்தில் வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். தேரூர் குளத்துப் படமொன்றில் அப்படி ஆறு புள்ளிகளை மும்முரமாக அழித்தேன். ஏழாவதைப் பெரிதாக்கிப் பார்த்தால் கால் இருக்கிறது! அத்தனையும் கொக்கு. அப்புறம் டிஃப்பிலிருந்து முதலில் இருந்து தொடங்கினேன்.

மார்த்தாண்டத்திலிருந்து: பேச்சிப்பாறை கலர் பிரிண்ட் முழுக்கச் சிவந்துவிட்டது.

சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. படம் திருத்தும் மென்பொருளில் லெவல்ஸ் என்ற வசதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுத்துச் சரிசெய்யுங்கள். வெள்ளை வேட்டியோ சுண்ணாம்புச் சுவரோ படத்தில் இருந்தால் அதை அளவாக வைத்துக்கொள்ளலாம். பச்சையை மட்டும் ரொம்ப ஏற்றாதீர்கள், காடு பிளாஸ்டிக் மாலை மாதிரி ஆகிவிடும்.

குலசேகரத்திலிருந்து: நெகட்டிவில் பூஞ்சை. கழுவலாமா?

தண்ணீரே வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து, படமும் கூடவே போய்விடும். முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, நல்ல உறையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நம் ஊரில் மழை இரண்டு பருவத்திலும் வந்துவிடுகிறது, ஜெல்லை அவ்வப்போது மாற்ற வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: கன்னியாகுமரிக் கரையில் எடுத்தது. எந்த வருடம் என்று தெரியவில்லை.

பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். கரையிலிருந்து பார்த்தால் வள்ளுவர் விவேகானந்தர் பாறைக்கு வலப்பக்கம் நிற்பார். சிலை திறந்தது 2000, விவேகானந்தர் மண்டபம் 1970. இரண்டும் இல்லாமல் வெறும் பாறை மட்டும் தெரிந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.