ரீயூனியனுக்குக் கப்பலேறியவரின் வாரிசுகளைத் தேடுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் காரைக்காலுக்கு அருகில். தாத்தாவின் பெரியப்பா முத்துசாமி 1870 வாக்கில் கரும்புத் தோட்ட வேலைக்காக ரீயூனியன் தீவுக்குக் கப்பலேறினார், பிறகு சேதியே இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அவருடைய வாரிசுகளைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை.

பதில்: வழி உண்டு அம்மா. ரீயூனியன் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இந்தியப் பெருங்கடல் தீவு. ஆனால் நாம் எழுதுகிற மாதிரி பெயரைப் போட்டால் கிடைக்காது. பிரெஞ்சு எழுத்தர் தன் காதில் விழுந்ததைத் தன் மொழி வழக்கப்படி எழுதிக்கொண்டார். 'உ' ஒலிக்கு ஓ, யூ என்று இரண்டு எழுத்து, 'ச'வுக்கு இரட்டை எஸ், கடைசி 'இ'க்கு ஒய். உங்கள் முத்துசாமி அங்கே எம், ஓ, யூ, டி, ஓ, யூ, எஸ், எஸ், ஏ, எம், ஒய். அதிலும் பேச்சு வழக்குதான் பதிவானது. ரீயூனியன் அரசியலில் பெயர்பெற்ற விராபுல்லே குடும்பப் பெயரைப் பாருங்கள். 'பிள்ளை' என்று படித்தவர் சொன்னதல்ல, 'புள்ளெ' என்று ஊர் வாய் சொன்னது. ஆகவே பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, ஐந்தாறு விதமாக எழுதித் தேடுங்கள்.

நீங்கள் சொல்லும் காலம் பொருந்துகிறது. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் தோட்ட முதலாளிகள் ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். 1860, 1861 ஆண்டுகளின் ஆங்கில - பிரெஞ்சு உடன்படிக்கைகளுக்குப் பிறகு ஆங்கிலேயர் ஆண்ட தஞ்சாவூர்ப் பக்கத்து மக்களும் புதுச்சேரி, காரைக்கால் துறைகள் வழியாகப் போனார்கள். தொழிலாளர்களை நடத்திய விதம் மோசம் என்று ஆங்கிலேய அரசு 1882-இல் அதை நிறுத்தியது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாதவர்கள் நிறையப் பேர். உங்களவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

போய் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அதை மத்ரிக்குல் என்பார்கள். மனிதரை எண்ணாக்கியது மனதை வருத்துகிறது. ஆனால் இன்று நமக்குக் கதவு திறப்பது அந்த எண்தான். அந்தப் பதிவேட்டில் பொதுவாக வயது, வந்த கப்பல், வேலைக்கு வைத்த முதலாளி போன்ற விவரங்கள் இருக்கும். இது ரீயூனியன் தலைநகர் சான் தெனியில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டியது. மின்னஞ்சலில் பிரெஞ்சிலேயே எழுதுங்கள்.

பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கு இன்னொரு இடம் இருக்கிறது. குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளில் ஒரு நகல் பிரான்சுக்கு வர வேண்டும் என்று பிரெஞ்சு மன்னர் 1776-இல் ஆணையிட்டார். அந்த நகல்களின் தொகுப்பு இப்போது பிரான்சின் எக்ஸ் ஆன் புரோவான்ஸ் நகரத்துக் கடல்கடந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒரு பகுதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம், காரைக்கால் ஏடுகள் உட்பட. இறப்புப் பதிவை முதலில் தேடுங்கள். ஊர், பெற்றோர் பெயர் கிடைத்தால் அங்கேதான் கிடைக்கும். 75 ஆண்டுக்கு உட்பட்ட பிறப்பு, திருமணப் பதிவுகளை வெளியாட்களுக்குக் காட்ட மாட்டார்கள்.

இங்கே இரண்டு இடத்தில் பலர் தடம் மாறிப் போகிறார்கள். தாலி கட்டியதை மட்டும் பிரெஞ்சுச் சட்டம் திருமணமாக ஏற்கவில்லை, அதனால் பிள்ளை தாயின் பெயரில் பதிவாகியிருக்கலாம். அப்புறம், 'ஜோசப்' என்று முன்பெயர் இருப்பதால் நம் ஆள் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். ஞானஸ்நானம் பெற்ற குடும்பங்களே திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிப்பது அந்தத் தீவில் சகஜம். தமிழ் வம்சத்தாரை அங்கே மல்பார் என்பார்கள். தமிழ் பேச்சில் மறைந்துவிட்டது, வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு. ஆனால் முருங்கைக் கீரை அதே பெயரோடு சட்டியில் இருக்கிறது. நாகூர் ஆண்டவருக்கு 'நர்குலான்' என்று கொடிமரம் நட்டு இந்துக்கள் கும்பிடுகிறார்கள். கடல் தாண்டியபோது காப்பாற்றியவர் அவர் என்ற நம்பிக்கை. உங்கள் ஊருக்குப் பக்கத்து நாகூர்தான் அது!

டி.என்.ஏ. சோதனையை நம்பி அதிகம் செலவழிக்க வேண்டாம். 1946 முதல் ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். வம்சம் அறிவதற்காக அந்தச் சோதனை செய்துகொள்வது பிரெஞ்சுச் சட்டப்படி குற்றம், ஆகவே அங்குள்ளவர்களின் பெயர் சோதனை நிறுவனங்களின் பட்டியல்களில் குறைவாகவே இருக்கும்.

சரி, முதலில் செய்ய வேண்டியது உங்கள் வீட்டில்தான். முத்துசாமியின் அப்பா பெயர், கிராமத்தின் பழைய பெயர், குலதெய்வம், இந்த மூன்றையும் குடும்பத்தில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். முத்துசாமிகள் அங்கே பலர் உண்டு. மதுரை வீரன் உங்கள் குலதெய்வம் என்றால் அவர் அங்கே 'மர்தெவிரேன்'. பெயரும் ஊரும் பொருந்தும் ஒரு குடும்பம் கிடைத்தால், அவர்கள் வீட்டில் எந்தச் சாமிக்குப் படைக்கிறார்கள் என்று கேளுங்கள்.