பிளேட்லெட் 14,000; மருந்து வேண்டாம் என்கிறார் டாக்டர். சும்மா இருக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. மூன்று வாரத்துக்கு முன் சளி, காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. போன வாரம் கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், முட்டிக்குக் கீழே ரத்தக்கட்டு. பிளேட்லெட் 14,000. ‘ஐ.டி.பி.’ என்று சொன்ன டாக்டர், மருந்து வேண்டாம், கவனித்தால் போதும் என்கிறார். மாமியாரோ உடனே பெட்டில் சேர்த்து பிளேட்லெட் ஏற்றச் சொல்கிறார். என்ன செய்வது? (ஒரு தாய், கடலூர் முதுநகர்)

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஆனால் மாமியாரின் பயத்தையும் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலம் வந்தால் நம் ஊரில் எந்த வீட்டிலும் பிளேட்லெட் பேச்சுதான். எல்லாம் டெங்கு கற்றுக்கொடுத்த பயம். உங்கள் மகளுக்கு வந்திருக்கும் ஐ.டி.பி. வேறு; ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை உடம்பே அழிக்கும் நோய் இது. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருள், ஆள் தெரியாமல் பிளேட்லெட்டிலும் ஒட்டிக்கொள்கிறது. மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. எலும்பு மஜ்ஜைக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிது புதிதாகச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த இளம் பிளேட்லெட்டுகள் நன்றாக வேலை செய்யும். அதனால்தான் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கவேண்டியது 14,000 ஆகியும் உங்கள் மகள் ஓடி விளையாடுகிறாள். எல்லாரும் பயப்படும் மூளை ரத்தக்கசிவு நூறு குழந்தைகளில் ஒருவருக்குக்கூட வருவதில்லை.

புள்ளியும் ரத்தக்கட்டும் மட்டும் இருந்தால், எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருந்தாலும் கவனித்திருப்பதே நல்லது என்று அமெரிக்க ரத்தவியல் சங்கம் 2011இலும் 2019இலும் வழிகாட்டியது. பிளேட்லெட் ஏற்றினால் அதையும் உடம்பு சில மணி நேரத்தில் அழித்துவிடும். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்குக்குத்தான் அது. இம்யூனோகுளோபுலின் மருந்தை நரம்பில் ஏற்றினால் எண்ணிக்கை சீக்கிரம் ஏறும், உண்மைதான். ஆனால் அது சில வாரம்தான் தாக்குப்பிடிக்கும். சில குழந்தைகளுக்கு மறுநாள் கடுமையான தலைவலியும் வாந்தியும் வரும். பிளேட்லெட் குறைந்த குழந்தைக்குத் தலைவலி என்றால் யார் சும்மா இருப்பார்கள்? உடனே சி.டி. ஸ்கேன். தேவையில்லாத ஒரு மருந்து இன்னொரு பரிசோதனைக்கு இழுத்துப் போகிறது.

ஸ்டீராய்டு தேவைப்பட்டாலும் 5 முதல் 7 நாள் போதும். வேறொரு இடத்தில் இரண்டு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்ட ஒரு பையன் என்னிடம் வந்தான். டோஸைக் குறைத்தால் எண்ணிக்கை இறங்கும், மறுபடி ஏற்றுவார்கள். கன்னம் உப்பி, ராத்திரி தூக்கமில்லாமல், தட்டு தட்டாகச் சோறு கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு அதுவரை மூக்கில்கூட ரத்தம் வந்ததில்லை. இன்றும் நினைத்தால் மனம் வலிக்கிறது.

ஒன்றை மட்டும் டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். ரத்தத்தை ஸ்லைடில் வைத்துப் பார்த்தார்களா, ஹீமோகுளோபினும் வெள்ளை அணுக்களும் சரியாக இருக்கின்றனவா, நெறிகட்டி, கல்லீரல், மண்ணீரல் வீக்கம் இல்லையா? எலும்பு வலி, விடாத காய்ச்சல், எடை குறைவு இருந்தால் இது ஐ.டி.பி. ஆக இல்லாமல் போகலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டீராய்டு கொடுத்தால், உள்ளே ரத்தப் புற்றுநோய் இருந்தாலும் அது வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டுவிடும்.

வீட்டில் தினமும் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள். கன்னத்தின் உள்பக்கமோ ஈறிலோ கருஞ்சிவப்பாக ரத்தக் கொப்புளம் இருந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் உட்காரவைத்து, தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடியுங்கள். அப்புறமும் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். தலையில் அடி, தலைவலியோடு வாந்தி, அசாதாரண தூக்கக்கலக்கம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர் என்றால் ராத்திரி பகல் பார்க்காமல் கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் கூடாது. தசையில் ஊசியும் வேண்டாம். பப்பாளி இலைச் சாற்றைக் குழந்தையின் வாயில் திணிக்காதீர்கள். சைக்கிள், மரமேறுதல், ஊஞ்சல் கொஞ்ச நாள் வேண்டாம், மற்றபடி விளையாடட்டும்.

தினமும் ரத்தம் எடுக்க வேண்டியதில்லை, ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை போதும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அடுத்த வாரமும் 14,000 என்றே வந்தால் பதறாதீர்கள். வாயில் கொப்புளம் இல்லை, குழந்தை வழக்கம்போல் இருக்கிறாள் என்றால் அன்றைக்கும் மருந்து தேவையில்லை.